முயல் ஏற்றிய பித்தளை அண்டா

காட்டுக் குளம் வற்றிப் போனதும் குரங்கு வீரணனும் முயல் சிட்டாளும் காட்டை விட்டுக் கிளம்ப முடிவு செய்தார்கள். கூனிமலைக்கு அப்பால் வற்றாத ஏரி ஒன்று இருந்தது. சிட்டாளின் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சைக்கிளில் பல நாள் பயணம். வழியெல்லாம் கூடாரம் அடித்துத்தான் தங்க வேண்டும்.

சிட்டாள் தன் கேரியரில் ஒரு கம்பளி, கூடாரத்துக்குத் தார்ப்பாய், மாற்றுத் துணி, கொஞ்சம் அவல், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டினாள்.

வீரணனின் மூட்டையோ கோபுரம் போல் எழுந்து நின்றது. ஜரிகைச் சட்டைகள், பட்டு வேட்டி, பெரிய கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பித்தளை அண்டா!

"அண்டா எதுக்கு அண்ணே?"

"புது இடத்துக்கு வெறுங்கையோட போனா யாரு மதிப்பா? பார்த்ததும் அசந்து போகணும்!"

"கம்பளி எடுத்துக்கிட்டீங்களா?"

"இந்த வெயிலுக்குக் கம்பளியா!" வீரணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சமவெளியில் எப்படியோ சமாளித்தான். மலை ஏறத் தொடங்கியதும் சைக்கிள் தள்ளாடியது. பாதையோரம் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டான்.

"என்னால முடியல தங்கச்சி. இந்த அண்டாவை மட்டும் நீ ஏத்திக்கோ!"

"என் வண்டியில இடமில்லையே. இங்கேயே விட்டுட்டு வாங்க அண்ணே."

"எங்கப்பா வச்சிட்டுப் போன அண்டா! நீகூட இப்படிச் சொல்லலாமா? அந்தக் கம்பளியும் தார்ப்பாயும்தானே இடத்தை அடைக்குது!"

முகத்துக்கு நேரே மறுத்துப் பேசிச் சிட்டாளுக்குப் பழக்கமில்லை. வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் கூட இல்லை. கம்பளியையும் தார்ப்பாயையும் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு அண்டாவை ஏற்றிக் கட்டினாள்.

மலை உச்சியில் பொழுது சாயும்போது காற்று திரும்பியது. ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒதுங்க ஒரு மரம் இல்லை, குகை இல்லை.

சிட்டாளுக்குப் பல் கிட்டியது. வீரணன் பதறிப்போய்ச் சட்டைகளை எல்லாம் அவள் மேல் போர்த்தினான். அவை நனைந்து பனிக்கட்டியாய் ஒட்டிக்கொண்டன. அண்டாவைக் கவிழ்த்து அவளை உள்ளே இருத்தினான். பித்தளை இன்னும் சில்லிட்டது.

"ரொம்பக் குளிருதுண்ணே..."

"விடிஞ்சிடும் தங்கச்சி! கொஞ்சம் பொறுத்துக்கோ!"

விடிந்தபோது சிட்டாளின் நடுக்கம் நின்றிருந்தது. வீரணன் அவள் பாதங்களைத் தேய்த்தான். பேர் சொல்லிக் கத்தினான். அவள் கண் திறக்கவேயில்லை.

கற்களை அடுக்கி அவளை மூடினான். அண்டாவையும் துணிகளையும் அங்கேயே போட்டுவிட்டு மலையிறங்கினான்.

ஏரி தளும்பிக் கிடந்தது. சிட்டாளின் தங்கை குட்டிகளோடு ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே! அக்கா பின்னாடி வர்றாளா? சைக்கிள் பஞ்சராயிடுச்சா?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் மலைப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பகட்டுக்காக ஒருவன் கட்டும் மூட்டையின் பாரம், மறுக்கத் தெரியாமல் உடன் வருபவர் தலையில்தான் விழும்.