கஸ்பார் அண்ணாச்சியின் அரை வாக்கியம்

தூத்துக்குடியில் ரிஸ்வானா டீச்சரிடம் ஆங்கிலம் படித்தவர்களில் கஸ்பார்தான் மூத்தவர். டீச்சருக்கு இருபத்தேழு, மாணவருக்கு ஐம்பத்தொன்று. பெரிய கப்பல்களைத் தள்ளிக் கரை சேர்க்கும் இழுவைப்படகில் முப்பது வருடமாகச் சுக்கான் பிடிக்கிறவர்.

அந்தப் படகுக்கே கேப்டன் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. இரண்டு முறை தோற்றாயிற்று. மறுநாள் காலை மூன்றாவது வாய்ப்பு, அதுவே கடைசி.

“டீச்சர், முழு வாக்கியமே வரமாட்டேங்கு. நடு வார்த்தையெல்லாம் கடல்ல விழுந்துருது. நாளைக்கு என்ன செய்ய?”

டீச்சர் புத்தகத்தை மூடினார். “இன்னைக்குக் கப்பல் வருதா அண்ணாச்சி?”

“மூணு மணிக்கு ஒண்ணு வருது.”

“நானும் வாரேன்.”

டீச்சர் அனுமதி வாங்கிப் படகில் ஏறினார். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்த அதன் மேலே ஏறி நின்ற பைலட்டின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. “புஷ்.”

“புஷ்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு கஸ்பார் லீவரைத் தள்ளினார். கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்வது அங்கே வழக்கம். அடுத்து வந்தது, மெதுவாகத் தள்ளு என்பதற்கான வார்த்தை.

“ஈஸி.”

“ஈஸி.”

“ஸ்டாப்.”

“ஸ்டாப்.”

நாலு மாடி உயரக் கப்பல், தொட்டிலில் கிடத்திய பிள்ளை மாதிரி அலுங்காமல் கரையோடு ஒட்டி நின்றது.

டீச்சர் கேட்டார். “யார் தள்ளணும்னு அவர் சொல்லலையே?”

“நான்தான தள்ளணும்? வேற யாரு இருக்கா?”

“எதைத் தள்ளணும்னும் சொல்லலை.”

“கண்ணு முன்னால மலையாட்டம் நிக்குதே டீச்சர்!”

“எவ்வளவு நேரம்?”

“அடுத்த வார்த்தை வர்ற வரைக்கும்.”

கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

டீச்சர் எதையும் விளக்கவில்லை. “நல்லாத் தூங்கி எழுந்திரிச்சுப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். கப்பலை இழுக்கும்போது கயிறு அறுந்துபோகும் போலிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

பழக்கதோஷம், கஸ்பார் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் இருந்த இன்னொரு அதிகாரி சிரித்துவிட்டார். கஸ்பார் அதைக் கவனிக்கவில்லை. அறுந்த கயிறு ஆளையே வெட்டிப்போடும் என்பது அவருக்குத் தெரியும்.

“மென் இன்சைட். ஸ்டாப். டெல் பைலட்.”

“முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆட்களை உள்ளே அனுப்புவது யார்? நிறுத்துவது யார்? பைலட்டிடம் சொல்வது யார்?”

கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மீ, சார். ஆல் மீ.”

சிரித்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாலையில் கஸ்பார் வகுப்புக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“பாஸ் போட்டுட்டாவ டீச்சர். ஆனா அப்பவும் முழு வாக்கியம் வரலியே. உங்க பேரைக் கெடுத்துட்டேனோ?”

டீச்சருக்குக் கண் கலங்கியது. பெருமையில்தான்.

“கயிறு அறுறதுக்குள்ள ஆளுக எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா, கேப்டன்?”

“வந்துட்டாங்க டீச்சர்.”

“அப்ப எதுவும் விட்டுப்போகலை.”