ஓர் எழுத்து குறைந்த வண்டிப் பலகை

வெண்பாறை என்று ஒரு நாடு இருந்தது. பெரிய நாடு என்று சொல்ல முடியாது. காலையில் ஓர் எல்லையில் கிளம்பிய மாட்டுவண்டி பொழுது சாய்வதற்குள் மறு எல்லைக்குப் போய்விடும். மன்னர் பெயர் சீவல்லபர். கொடியில் காளை. ஆற்றுக்கு அக்கரையில் கூவிளம் நாடு. அவர்கள் கொடியில் கரடி.

வெண்பாறையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்பக்கம் எண் பொறித்த செப்புப் பலகை உண்டு. எந்த வண்டி எந்த ஊருடையது என்று காவல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பலகைகள் பழசாகி எண்கள் தேய்ந்துபோயின. புதிதாக அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது மன்னருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெறும் எண் எதற்கு? நாட்டின் பழம்பெருமை ஒன்றையும் எண்ணுக்கு மேலே பொறித்தால், வண்டி போகிற இடமெல்லாம் நம் பெருமையும் போகுமே.

எதைப் பொறிப்பது என்று கேட்டதுதான் தாமதம், ஊருக்கு ஊர் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் முன்னோர் ஏரி வெட்டியதைப் போடுங்கள் என்றார்கள் வடக்கூரார். அந்த ஏரிக்கு மண் சுமந்ததே நாங்கள்தான், எங்கள் கூடையைப் போடுங்கள் என்றார்கள் தெற்கூரார். மூன்று நாள் சபையில் வேறு வேலையே நடக்கவில்லை. நாலாம் நாள் சேனாபதி கொற்றவிடங்கர் எழுந்தார். நூறு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையில் கூவிளத்தாரோடு நடந்த போரைவிடப் பெரிய பெருமை என்ன இருக்கிறது என்று கேட்டார். வாசகத்தையும் அவரே சொன்னார்.

"கரடியை வென்ற காளை."

சபை கைதட்டியது. அரண்மனையில் ஓலை எழுதும் சாத்தப்பர் மட்டும், பெருமழையில் ஆறு கரைபுரண்டதும் இரண்டு படைகளும் வீட்டுக்குப் போய்விட்டன என்றுதான் பழைய சுவடியில் இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் பத்துப் பலகைகள் தயாராகி, பத்து வண்டிகளில் ஏறின. அந்த வண்டிகள் உப்பு வாங்க ஆற்றைத் தாண்டி கூவிளம் சந்தைக்குப் போயின. வண்டிகளும் திரும்பவில்லை, வண்டிக்காரர்களும் திரும்பவில்லை. கூவிளத்து ராணி செண்பகவடிவிடமிருந்து ஓர் ஓலைதான் வந்தது. வென்றது எங்கள் கரடி; பொய்யைச் சுமந்துகொண்டு வந்தவர்களை அடைத்து வைத்திருக்கிறேன்; பலகையைக் கழற்றினால் விடுவேன் என்று எழுதியிருந்தாள்.

சேனாபதி உடனே படை திரட்ட வேண்டும் என்றார். மன்னரும் கொதித்துப்போயிருந்தார். அந்த நேரத்தில் வண்டிக்காரர் சடையனின் மனைவி குருவம்மாள் சபைக்கு வந்து நின்றாள். எட்டு நாளில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

"என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சாமி. வண்டியில் என்ன எழுதியிருந்தது என்றுகூடத் தெரியாமல் உள்ளே கிடக்கிறார்" என்றாள்.

மன்னர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சாத்தப்பரைக் கூப்பிட்டார். பலகையைக் கழற்ற முடியாது, காளையும் கரடியும் வெற்றியும் அதில் இருந்தாக வேண்டும், யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது, ஆனால் பத்து பேரும் வீடு வந்து சேர வேண்டும் என்றார்.

சாத்தப்பர் வாசகத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட அனுமதி கொடுங்கள், அரசே. புதிதாக எதையும் சேர்க்க மாட்டேன்."

பலகைகளை அடித்த கன்னாரை அழைத்து, அடுத்ததாகத் தயாராகியிருந்த ஒரு பலகையில் இருந்த 'யை'யைத் தட்டிச் சமமாக்கச் சொன்னார். மன்னர் வாங்கிப் படித்தார். "கரடி வென்ற காளை. பொருள் அதேதானே? பிறகு எதற்கு இந்த வேலை?"

"சின்னப் பலகை, அரசே. கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும்."

சேனாபதியும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாளே சாத்தப்பர் ஆற்றைத் தாண்டினார். ராணியின் முன்னால் அதிகம் பேசவில்லை. எங்கள் நாட்டு வண்டிகளில் இனி இதுதான் இருக்கும், தாங்களே வாய்விட்டுப் படியுங்கள் என்று பலகையை நீட்டினார்.

"கரடி வென்ற காளை" என்று படித்தாள் ராணி. மறுபடி படித்தாள். முகம் மலர்ந்தது. "எங்கள் கரடி வென்றுவிட்ட காளை. இதை உங்கள் மன்னரே வண்டிக்கு வண்டி மாட்டப்போகிறாரா?"

"ஒரு வண்டி விடாமல், மகாராணி."

பத்து பேருக்கும் விருந்து வைத்து, வண்டி நிறைய உப்பும் ஏற்றி அனுப்பினாள். சடையன் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் சேனாபதி மூச்சு வாங்க சபைக்குள் வந்தார். கூவிளத்தில் நம் வண்டிகளுக்கு மாலை போட்டு வரவேற்கிறார்களாம், பலகையைப் படித்துவிட்டுத் தாங்கள் வென்றதாகச் சிரிக்கிறார்களாம், சாத்தப்பர் நம்மை விற்றுவிட்டார் என்றார்.

மன்னர் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். ஒருமுறை படித்தார். காளை வென்றது. இன்னொரு முறை படித்தார். கரடி வென்றது. முகம் சிவந்தது.

"சாத்தப்பரே, இப்படி ஏன் எழுதினீர்?"

"நான் எழுதவேயில்லை, அரசே. சேனாபதி எழுதியதில் ஓர் எழுத்தை எடுத்தேன், அவ்வளவுதான். சண்டை முழுதும் அந்த ஒரே எழுத்தில்தான் இருந்தது."

சபை மன்னரைப் பார்த்தது. மன்னரின் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தே விட்டார். கையில் இருந்த கடகத்தைக் கழற்றி சாத்தப்பருக்குப் போட்டார்.

"அது சரி, எடுத்த எழுத்தை என்ன செய்தீர்?"

"பத்திரமாக வைத்திருக்கிறேன், அரசே. எப்போதாவது போர் வேண்டும் என்று தோன்றினால் சொல்லி அனுப்புங்கள், திரும்ப ஒட்டிவிடலாம்."