பின்பாக்கெட்டில் இருந்த கை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை இருந்தது. குருவின் பெயர் ஷம்ஷாத், வயது இருபத்தொன்பது. சீடரின் பெயர் இருளப்பன், வயது ஐம்பத்தாறு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம், கதை எங்கேயும் ஓடிவிடாது.

இருளப்பன் முப்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். பெட்டி டிவியெல்லாம் போய்ச் சுவரில் தொங்கும் டிவி வந்தபோது ஒப்பாரி வைக்காமல் நேரே மாடி ஏறினார். "வாத்தியாரே, எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்க" என்றார். தொழில் கற்றுத் தருபவர் பொடிசாக இருந்தாலும் மெக்கானிக்குகளுக்கு வாத்தியார்தான். ஷம்ஷாத்தும் "வாங்கண்ணே" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

சால்டரிங் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மதர்போர்டைக் கழற்றி மாட்டுவதுதான் வரவில்லை. கீபோர்டிலிருந்து ஒரு பட்டை ஒயர் வந்து போர்டில் செருகியிருக்கும். அதைக் கவ்விப் பிடிக்க அரை நகம் அளவில் ஒரு பூட்டு உண்டு. அதைத் தூக்கிவிட்டுத்தான் ஒயரை உருவ வேண்டும். பழகுவதற்காக வைத்திருந்த செத்த லேப்டாப் இரண்டிலும் அந்தப் பூட்டு அவர் கையில் பட்டென்று தெறித்துவிட்டது.

அன்றைக்கு வந்தது உயிருள்ள வேலை. ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப், மதர்போர்டை மாற்ற வேண்டும். சாயங்காலம் வாங்க வருவாள். புது போர்டு ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. பழைய போர்டில் பூட்டு உடைந்தால் தொலையட்டும், புதிதில் உடைந்தால் எல்லாம் போச்சு.

"நீங்களே மாத்துங்கண்ணே" என்றாள் ஷம்ஷாத்.

"நானா? வேணாம் வாத்தியாரே."

"நீங்கதான்."

இருளப்பன் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளினார். "இதுலயும் உடைஞ்சா நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன். கீழ செருப்புக் கடையில வாட்ச்மேன் வேலை கேட்டுக்கிறேன்."

"சரி, கேட்டுக்கங்க."

"ஒரு சந்தேகம். நீங்க தொட்டா பூ மாதிரி வருது. நான் தொட்டா மட்டும் ஏன் உடையுது? கண்ணாடி மாத்திட்டேன். மூச்சைக்கூடப் புடிச்சுக்கிட்டுத்தான் செய்யிறேன்."

ஷம்ஷாத் யோசித்தாள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "எனக்கும் புரியலண்ணே. பசிக்குது. சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள மூடியைத் திறந்து பேட்டரியைக் கழட்டி வைங்க."

தினமும் அவள் உட்காருவது மேசைக்கு அந்தப் பக்கம், இருளப்பனுக்கு எதிரில். நடுவில் அடுக்கியிருக்கும் லேப்டாப்புகள் அவர் கைகளை மறைத்துவிடும். அன்று பார்சலோடு படியேறி வந்தபோதுதான் முதன்முதலாக அவர் வேலை செய்வதை முதுகுப் பக்கமிருந்து பார்த்தாள். வாசலிலேயே நின்றாள். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்து, சாம்பார் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இதை அவுருங்கண்ணே."

"இந்த ஓட்டல்காரன் ஒருத்தன். தாலிக்குக்கூட இம்புட்டு இறுக்கி முடிச்சுப் போட மாட்டாங்க."

"ஒரு கையால அவுருங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். இருளப்பன் வலது கையால் நூலைச் சுரண்டினார். பொட்டலம் உருண்டது. நெஞ்சால் மேசையோடு அமுக்கிக்கொண்டு நகத்தால் நோண்டினார். நூல் அசைந்து கொடுக்கவில்லை. கோபத்தில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பை கிழிந்து சாம்பார் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது.

"எந்த மடப்பயலாச்சும் இதை ஒரு கையால அவுப்பானா?" என்று கத்தினார்.

"மூணு வாரமா நீங்க அதைத்தானே செய்யிறீங்க."

"என்ன சொல்றீங்க?"

"உங்க இடது கை எங்க இருக்குன்னு பாருங்க."

இருளப்பன் திரும்பிப் பார்த்தார். இடது கை பேண்ட்டின் பின்பாக்கெட்டுக்குள் இருந்தது. அதை மெதுவாக வெளியே எடுத்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அட கிரகமே!"

"எப்பவும் அங்கதான் இருக்குமா?"

"டிவி பெட்டிக்குள்ள இருபத்தஞ்சாயிரம் வோல்ட் ஓடும் வாத்தியாரே. எங்க வாத்தியார் ராக்கப்பன் மொத நாளே என் இடது கையைப் புடிச்சு பாக்கெட்டுக்குள்ள திணிச்சாரு. 'ஒரு கை வெளிய, ஒரு கை உள்ள. ரெண்டையும் விட்டா கரண்டு நெஞ்சு வழியாப் போயிரும்டா'ன்னாரு. அன்னைக்கு உள்ள போன கைதான்."

"பேட்டரியைக் கழட்டியாச்சா?"

"ஆச்சு."

"சார்ஜர்?"

"அதையும் எடுத்தாச்சு."

"இப்ப இதுக்குள்ள எத்தனை வோல்ட் ஓடுது?"

"ஒண்ணும் ஓடல."

"அப்புறம் என்ன? ரெண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிடுங்க."

இருளப்பன் சட்டையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கை மூன்று முறை பாக்கெட்டைத் தேடிப் போனது. "எங்கடா போற, இங்க வா" என்று அதட்டினார். இடது கை போர்டை அசையாமல் பிடித்துக்கொண்டது. வலது கை பூட்டை நெம்பியது. பூட்டு முழுசாகத் திறந்துகொண்டது. ஒயர் தன்னால் வழுக்கி வெளியே வந்தது.

திருகாணிகளைக் கழற்றிப் பழைய போர்டை எடுத்தார். புது போர்டை இரண்டு கையாலும் ஏந்தி, சாய்த்து உள்ளே இறக்கினார். மெமரி, ஃபேன் எல்லாம் ஏறின. கடைசியாகப் பட்டை ஒயரைச் செருகிப் பூட்டை அழுத்தினார். "டிக்" என்றது. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடையவில்லை, சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

பேட்டரியை மாட்டிப் பொத்தானை அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஃபேன் சுற்றியது. திரை வெளுத்தது.

"வந்துருச்சு வாத்தியாரே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே செருப்பு வாங்க வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். ஷம்ஷாத் கைகொட்டிச் சிரித்தாள்.

சாப்பிட்டு முடிக்கிற வரை இருளப்பனுக்கு வாயெல்லாம் பல். கை கழுவி வந்த பிறகு தன் இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"இல்ல... ராக்கப்பன் வாத்தியார் வார்த்தையை முப்பது வருசம் தெய்வ வாக்கா வச்சிருந்தேன். இன்னைக்கு அவரு சொன்னது தப்பாப் போச்சே. மனசு ஒரு மாதிரி இருக்கு."

ஷம்ஷாத் லேப்டாப்பின் அடிமூடியைப் பொருத்திக்கொண்டே சொன்னாள்.

"தப்பெல்லாம் இல்லண்ணே. அவரு பத்திரமா உள்ள வைக்கச் சொன்ன கையைத்தான் இன்னைக்கு வெளிய எடுத்திருக்கோம்."