பின் இருக்கையின் பாரம்

“இந்த வண்டிக்கு என்னைப் புடிக்கலைங்கம்மா” என்றார் குணசீலன்.

ரஹ்மத் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ணுது?”

“தூக்கிப் போடுது. சின்னப் பள்ளம் போதும், இடுப்புல வந்து இடிக்குது. பொழுது சாஞ்சா விளக்கு வெளிச்சம் முன்சக்கரத்துக்கு எதுக்கவே விழுந்து கிடக்குது. அதுக்கு அப்பால ஒண்ணும் தெரியறதில்லை. இதை வச்சுக்கிட்டு குஜராத்துல கட்ச் வரைக்கும் எப்படிப் போறது?”

ரஹ்மத் டீயைக் குடித்தார்.

தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்தில், நாற்கரச் சாலை விலகிப் போனதால் மூடப்பட்ட பெட்ரோல் பங்க் அது. கூரையும் ஒரு சிறிய அறையும் மட்டும் மிஞ்சியிருந்தன. வடக்கே நெடும்பயணம் புறப்படும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தங்கள் வண்டியை அந்தக் கூரையின் கீழ் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் தனியாளாகப் போய்வந்த ரஹ்மத், வண்டியைப் பார்த்து, ஆளையும் பார்த்து, ‘கிளம்பலாம்’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே கிளம்புவது என்பது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

குணசீலன் ஆத்தூர்க்காரர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரஹ்மத்தைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவர் முன் கைகட்டித்தான் நின்றார்.

“மெக்கானிக்குகிட்ட காட்டினீங்களா சார்?”

“காட்டாத ஆளில்லை. டயர் புதுசு, செயின் புதுசு, சீட்டுக்குப் பஞ்சு புதுசு. இப்ப எல்லாம் புதுசா இடிக்குது.”

சுவரோரம் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பொன்முடி சிரித்தான். ஓமலூரில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவன். பூட்டான் போவதற்காக ரஹ்மத்தின் ஒரு சொல்லுக்குக் காத்திருப்பவன்.

“சார் வண்டியைப் பாருங்கக்கா. குடித்தனமே ஏறி நிக்குது. அம்மிக்கல்லு ஒண்ணுதான் பாக்கி.”

உண்மைதான். பின் இருக்கை கண்ணுக்குத் தெரியாதபடி மூட்டைகள் கட்டப்பட்டிருந்தன.

“இறக்குங்க” என்றார் ரஹ்மத்.

குணசீலன் இறக்கினார். கூடாரம், ஸ்டவ், குக்கர், பத்து கிலோ அரிசி, மாற்று டியூப்கள், போர்வைகள், மழைக்கோட்டு இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மணல் மூட்டை.

பொன்முடியின் கையிலிருந்த துணி நின்றது.

“கட்ச்சுல மணல் கிடைக்காதுங்களா சார்?”

“பாரத்துக்கு வச்சது தம்பி” என்றார் குணசீலன், சற்றுக் கூச்சத்தோடு.

ஒருநாள் ரேஷன் அரிசியைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தபோது வண்டி இடிக்காமல் வந்திருக்கிறது. விளக்கும் தூரம் எறிந்திருக்கிறது. அன்று முதல் அவர் வண்டியை வெறுமனே எடுத்ததில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டுதான் போவார். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“அப்ப மூட்டையோடயே போங்களேன்” என்றார் ரஹ்மத்.

“நிறுத்தினா சாயுதுங்கம்மா. சேலத்துல சிக்னல்ல சாஞ்சுது. ரோட்டுல போனவங்க ஓடிவந்து தூக்கி விட்டாங்க. ஆள் இல்லாத காட்டுல சாஞ்சா என்ன பண்றது? பாரம் வச்சா நான் தாங்கலை. பாரம் இல்லைன்னா வண்டி தாங்கலை. நாளைக் காலையில கிளம்பறதா இருந்தேன். நீங்க போகலாம்னா போறேன். வேண்டாம்னா இதோட விட்டுடறேன். வண்டியையும் வித்துடறேன்.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

ரஹ்மத் எழுந்து வந்து பின்சக்கரத்தின் அருகே குந்தினார். சக்கரத்தின் இரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் சுருள் நின்றது. சுருளின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம். ஒருவர் மட்டும் போவதென்றால் வளையம் கீழ்ப்படியில் இருக்க வேண்டும். இருவர் போவதென்றால் மேலே திருப்பி ஏற்ற வேண்டும். ஏற்றினால் சுருள் இறுகும். வண்டியின் பின்பக்கம் உயரும், முன்விளக்கு தாழும்.

வளையம் உச்சிப் படியில் இருந்தது. அதன் மேல் துருவும் செம்மண்ணும் ஒன்றாகக் காய்ந்திருந்தன.

ரஹ்மத் அதன் மேல் விரலை வைத்தார்.

“மெக்கானிக் யாரும் இதைப் பார்க்கலையா?”

“பார்த்தாங்க.”

“அப்புறம்?”

“தொடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்.”

பொன்முடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரஹ்மத் திரும்பிப் பார்த்தார். அவன் மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

“அது எங்க வீட்டம்மாவை உக்கார வச்சு நிறுத்தினதுங்க” என்றார் குணசீலன். “கோகிலம் கொஞ்சம் கனமான உடம்பு. இறக்கிட்டா, அவ வந்து உக்கார்றப்ப டயர் மட்கார்டுல உரசும்.”

“அவங்க எங்கே இருக்காங்க?”

“மெல்பர்ன்ல. மக பிரசவத்துக்குப் போனா. குழந்தை நடக்கட்டும்னு இருந்தா. அது நடந்துச்சு. அதுக்குள்ள ரெண்டாவது.”

அவரும் ஒருமுறை போயிருந்தார். அந்த வீட்டில் எல்லாரும் எதையாவது அவசரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

கட்ச்சின் உப்புப் பாலைவனத்தை நகைக்கடைக் காலண்டர் ஒன்றில் முதலில் பார்த்தவள் கோகிலம்தான். ஓய்வு பெற்றதும் வண்டியிலேயே போவோம் என்று சொன்னவளும் அவள்தான்.

“பொங்கலுக்கு வந்துடுவா” என்றார் குணசீலன்.

“பொங்கலுக்கு வர்றவங்களுக்கு நாளைக்குக் கிளம்பற வண்டியில எதுக்கு இடம்?”

“அகமதாபாத் வரைக்கும் விமானத்துல வந்துட்டா, அங்கேயிருந்து…”

“எந்தப் பொங்கலுக்கு சார்?”

குணசீலன் வளையத்தைப் பார்த்தபடி நின்றார்.

ரஹ்மத் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கிளம்பலாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தார்.

“எனக்கு மேச்சேரி ரோட்டுல ஒரு இடம் வரைக்கும் போகணும். கொண்டுபோய் விடுறீங்களா?”

சாமான்கள் தரையிலேயே கிடந்தன. வெயில் தாழ்ந்திருந்தது. ரஹ்மத் பின்னால் ஏறிக்கொண்டார்.

கிளைச் சாலை மோசமான சாலை. இருந்தும் வண்டி இடிக்கவில்லை. பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான். மங்கத் தொடங்கியதும் விளக்கைப் போட்டார். வெளிச்சம் நேரே போய்ச் சாலைத் திருப்பத்தைத் தொட்டது.

குணசீலன் பேசத் தொடங்கினார்.

தக்காளி விற்கும் விலையைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் மாடி எடுக்கும்போது தன் பக்கம் ஓரடி நீட்டியதைச் சொன்னார். குக்கரில் ஒருவருக்குச் சாதம் வைத்தால் அடிப்பிடிப்பதைச் சொன்னார். அதற்காக இருவருக்கு வைத்து, மீதியை ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பதைச் சொன்னார். கேள்வியும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போனார்.

ஒரு கோழிப்பண்ணையைத் தாண்டியதும் ரஹ்மத் அவர் தோளைத் தட்டினார். பஸ் நிற்கும் இடம். சுற்றிலும் வீடில்லை.

ரஹ்மத் இறங்கினார்.

“எப்படிப் போச்சு சார்?”

“பூ மாதிரி போச்சுங்கம்மா.” அவர் முகம் மலர்ந்திருந்தது. “வண்டியில கோளாறே இல்லை போல.”

“வழியெல்லாம் பேசிக்கிட்டு வந்தீங்க.”

“ஆமாங்க. உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சோ என்னமோ.”

“எனக்கு ஒண்ணும் கேட்கலை. எல்லாம் காத்துல போச்சு.”

தொப்பூர் போகும் டவுன் பஸ் வந்தது. ரஹ்மத் கை காட்டினார். பஸ் நின்றது.

“எங்கேங்கம்மா? இங்கே ஏதோ வேலைன்னுதானே வந்தீங்க?”

“முடிஞ்சுது. நான் பஸ்ல போறேன். நீங்க வாங்க.”

“இருட்டிருச்சுங்கம்மா. நீங்க இல்லேன்னா விளக்கு…”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

குணசீலன் சிறிது நேரம் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

வந்த சாலைதான். ஆனால் முதல் பள்ளத்திலேயே இருக்கை அவரை உதறியது. அடுத்ததில் பல் பல்லோடு மோதியது. வெளிச்சம் காலடியில் வட்டமாகச் சுருண்டு கூடவே வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பழக்கத்தில், எதிர்வீட்டு மாடியைப் பற்றி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். பாதியில் தம் குரல் தமக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

சாலையில் யாரோ சோளம் காயப்போட்டு, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். கல்லை அவர் பார்த்தபோது அது சக்கரத்தின் கீழ் வந்துவிட்டது.

வண்டி துள்ளியது. வளைந்தது. எப்படியோ நின்றது. அவரும் நின்றார், இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, சோளத்தின் நடுவே.

அடி ஒன்றும் இல்லை. ‘என்ன ஆச்சுங்க?’ என்று கேட்கவும் யாரும் இல்லை.

பிறகு வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்டு போட்டார். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தார். வண்டியோடு கொடுத்த கருவிப் பை உள்ளே கிடந்தது. வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனரை எடுத்தார். மண்ணில் முழங்கால் ஊன்றிக் கொக்கியை வளையத்தில் மாட்டினார்.

கை அழுத்த மறுத்தது.

ஸ்பேனரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள்.

“என்னங்க இந்நேரத்துக்கு?” கோகிலத்தின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. “சின்னவளுக்குப் பல் முளைக்குது. இப்பத்தான் தோள்ல போட்டுத் தூங்க வச்சேன். அங்கே ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லை. ரோட்டோரம் நிக்கிறேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“இனிமேதான்.” சற்று நிறுத்தினார். “கோகிலம், பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா?”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுக்கும் ஓசை சீராகக் கேட்டது. அது நின்றபாடில்லை.

“சரி, அதை விடு” என்றார் குணசீலன். “வண்டியில பின்னாடி ஷாக் ஞாபகம் இருக்கா? நீ உக்கார்றதுக்காக ஏத்தி வச்சோமே.”

“ஆமா.”

“அதை இறக்கிடட்டுமா?”

“இன்னுமா இறக்காம வச்சிருக்கீங்க?” என்றாள் கோகிலம். “நான் இங்கே கிளம்பி வந்த அன்னிக்கே இறக்கியிருப்பீங்கன்னுல்ல இருந்தேன்.”