நாற்பது விநாடி யோசனை

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்து இறங்கியது. மஞ்சளை வைத்தால் நாற்பது விநாடி யோசித்துத் தரம் சொல்லுமாம். "இனி தரம் பார்க்க ஆளே வேண்டாம்" என்றார் அதை விற்க வந்த கம்பெனிக்காரர் கஜபதி. விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்தே தரம் சொல்லிவந்த நாச்சக்காளுக்கு வேலை போகும் நிலை.

"உள்ளே என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் அவள்.

கஜபதி சிரித்துக்கொண்டே புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு நீட்டினார். "எல்லாம் மெஷின் கோடு. முடிஞ்சா படிச்சுக்கம்மா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அசெம்பிளி என்ற அந்த மெஷின் மொழியைப் பழகிவந்தது அந்த மனிதருக்குத் தெரியாது. எட்டு நாள் வரிவரியாகப் பிரித்துப் படித்தாள்.

ஒன்பதாம் நாள், மண்டித் தலைவர் முன்னால், பெட்டிக்குள் ஒரு கருங்கல்லை வைத்தாள். நாற்பது விநாடி கழித்துப் பெட்டி அறிவித்தது: "முதல் தரம்."

கஜபதி பெட்டியின் ஸ்விட்சை அணைக்கப் போனார்.

"நூறு கிராமுக்கு மேல இருந்தா முதல் தரம். அவ்வளவுதாங்க எழுதியிருக்கு" என்றாள் நாச்சக்காள்.

"அப்ப அந்த நாற்பது விநாடி என்னம்மா பண்ணுது?" என்றார் தலைவர்.

"சும்மா ஒரு பெரிய எண்ணுல இருந்து ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டே இருக்குதுங்க. நாம நம்பறதுக்கு அவ்வளவு நேரமாவது வேணுமில்லீங்களா?"