ஓவனுக்குள் இரண்டு வருஷம்

வேதியியல் அதிகாரி ஆதிலட்சுமி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

பயிற்சிக்காக டெல்லி கிளம்புமுன், ஆய்வக உதவியாளர்கள் மூவரையும் கூப்பிட்டு, களைக்கொல்லிப் புட்டியை ஓவனில் வைத்தார்.

"ஐம்பத்து நாலு டிகிரி, பதினாலு நாள். அது வெளியே இரண்டு வருஷத்துக்குச் சமம். அப்புறமும் மருந்து கெடலைன்னா லைசென்ஸ் கிடைக்கும். நான் வந்துதான் சோதிக்கணும். சொதப்புனீங்க, மூணு பேர் சீட்டையும் கிழிச்சிடுவேன்."

மேடம் போனதும் குப்பாண்டி ஓவனைச் சுற்றிவந்து கும்பிட்டான்.

"அண்ணே, உள்ளே இரண்டு வருஷம் ஓடப்போகுதா?"

"மேடமே சொல்லிட்டாங்களே," என்றார் மூத்தவர் வேதமூர்த்தி.

"எனக்கு ஏழரைச் சனி விலக இன்னும் இரண்டு வருஷம் இருக்கு. கல்யாணம் தட்டிப்போகுதுண்ணே."

வேதமூர்த்தி தாடையைத் தடவினார். "நீ உள்ளே போக முடியாது, ஓவன் சின்னது. ஜாதகத்தைக் கொண்டா."

ஜாதகம் புட்டிக்குப் பக்கத்தில் குடியேறியது.

ஏழாம் நாள், ஓவனுக்குள் ஒரு வருஷம் நிறைந்துவிட்டதென்று மூன்றாமவன் இருளப்பன் கேசரி கொண்டுவந்தான். ஒரு வயது கூடிய முகத்தோடு மூவரும் தின்றார்கள்.

பதினாலாம் நாள் புட்டி வெளியே வந்தது. நிறம் மாறவில்லை, அடியில் எதுவும் படியவில்லை. இருளப்பன் லேபிளைப் படித்தான்.

"தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரைன்னு போட்டிருக்கு. அண்ணே, இன்னையோட காலாவதி!"

"ஐயோ, காலாவதி சரக்கை வெச்சிருந்தா மேடத்தைப் பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்களேடா!"

மேடத்தைக் காப்பாற்றியாக வேண்டும். வீரியம் போன மருந்துதானே என்று, கடைசிச் சொட்டுவரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றினார்கள்.

நாலு நாள் கழித்து மேடம் வந்தபோது செம்பருத்தி கருகி நின்றது.

"சாம்பிள் எங்கே?"

"செம்பருத்திகிட்ட இருக்கு மேடம்."

ஆக, மருந்து கெடவில்லை. அதை நிரூபிக்கத்தான் ஒரு சொட்டும் இல்லை. மேடம் அங்கேயே வேலைநீக்க உத்தரவை அடித்துக் கொடுத்தார். வேதமூர்த்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, பணிவாக மடித்துக்கொண்டு ஆய்வகம் வழியாக வெளியேறினார்.

அதன்பிறகு ஓவனை யாரும் திறக்கவில்லை. திறந்து பார்ப்பது அந்த மூவரின் வேலை.

உத்தரவு கொடுத்த பதினைந்தாம் நாள் காலை மூவரும் தலைசீவி, பொட்டு வைத்து, வேலைக்கு வந்தார்கள். குப்பாண்டி கையில் கல்யாணப் பத்திரிகை. மேடம் வாயைத் திறப்பதற்குள் வேதமூர்த்தி ஓவனைத் திறந்தார். பழுப்பேறிய உத்தரவை எடுத்து, ஊதி ஆறவைத்து, அவரிடம் நீட்டினார்.

"இரண்டு வருஷம் ஆச்சே மேடம். இன்னுமா கோபம்?"