பலகையில் ஏறும் எண்

மின்சாரத்தை ஊர் ஊராகப் பங்கிட்டு அனுப்பும் அறை அது. ஜன்னல் கிடையாது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை. அதன் நடுவில் பெரிதாக ஓர் எண்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரிப்புகை.

தலைமைப் பொறியாளர் காலையிலேயே போனில் மூக்கால் சொல்லிவிட்டார். "மிஸ்டர் தேவசகாயம், சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம புகைக் கணக்கைப் பாக்க விருந்தாளிங்க வர்றாங்க. பலகையில ஐந்நூறுக்கு மேல தெரிஞ்சா, நீங்க பழையபடி அனல் நிலையத்துக்கே போயிடலாம்."

தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. பாதி நுரையீரலை அனல் நிலையத்துக் கரித்தூளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் காப்பாற்றிக்கொள்ள இந்த வேலையைக் கற்க வந்தவர். கற்றுத்தரும் குழலி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அந்த அறையில் எல்லோருக்கும் அவர்தான் டீச்சர்.

பொழுது சாயத் தொடங்கியது. எண் நானூற்று அறுபதிலிருந்து நானூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது.

"எது டீச்சர் இதை ஏத்துது?"

குழலி மேசையில் இருந்த போன்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

தேவசகாயம் முதலில் காற்றாலைக்குப் பேசினார்.

"காத்தா?" என்றாள் அங்கிருந்த பெண். "மத்தியானம் ஆளத் தூக்கிட்டுப் போற மாதிரி அடிச்சுது. இப்பம் கொடில துணிகூட ஆடல, பாத்துக்கிடுங்க. கூப்பிட்டா வாறதுக்கு அது என்ன எங்க வீட்டு ஆளா?"

அடுத்து அணைக்கு.

"தண்ணி இருக்குதுங்க சார். தொறந்துவுட்டா ஓடிப்போயிருமுங்க. அப்புறம் கோடைல குடிக்கறதுக்கு நீங்க அனுப்புவீங்களா?"

மூன்றாவது, அவருடைய பழைய அனல் நிலையம்.

"அண்ணே, நல்லாருக்கியா? கரி மழைல ஊறிப்போய் வந்திருக்குண்ணே. கிழட்டு பாய்லர் வேற. அள்ளி அள்ளிப் போட்டாலும் புகைதான் வருது, கரண்டு வரமாட்டேங்குது. எல்லாரும் வீட்டுக்குப் போய் லைட்டப் போட ஆரம்பிச்சுட்டாங்க. மூணாவது பாய்லரையும் ஏத்தட்டுமா? சீக்கிரம் சொல்லுண்ணே."

"இரு."

"இருக்க முடியாதுண்ணே. லைன் தள்ளாடுது."

எண் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கீழே வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தேவசகாயத்துக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"டீச்சர், ஒரு ஊரை மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சுட்டா மூணாவது பாய்லர் வேண்டாம். எண் அப்படியே நிக்கும்."

"நிக்கும்."

"செய்யலாமா?"

"எந்த ஊர்?"

அவர் பலகையின் ஓரத்தில், எழுத்து மிகச் சிறியதாக இருந்த ஓர் ஊரைக் காட்டினார்.

குழலி அந்த ஊர்த் துணைமின் நிலையத்தைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்கய்யா," என்றது ஒரு குரல். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசும் குரல்.

"உங்க ஊர் லைனை அணைக்கணும்."

"அணைச்சுட்டாப் போச்சுய்யா. கை சுவிட்சு மேலதான் இருக்கு. ஆனா அணைச்ச மறுநிமிசம் ஊரே போன் போட்டுக் கேக்கும். பிரசவ ஆசுபத்திரிலேர்ந்து கேப்பாக. மாவு மில்லுக்காரன் கெட்ட வார்த்தைலயே கேப்பான். மரம் விழுந்திருச்சுன்னு சொல்லவா, கம்பி அறுந்திருச்சுன்னு சொல்லவா? காரணத்த மட்டும் சொல்லிருங்க, அணைச்சுர்றேன்."

தேவசகாயம் பலகையைப் பார்த்தார். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

"அய்யா? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன்."

"காரணம்?"

குழலி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார் தேவசகாயம். "அணைக்க வேண்டாம். வச்சிடுங்க."

அந்த போனை வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார். "தம்பி, மூணாவதை ஏத்து."

எண் ஐந்நூற்று ஐந்து. ஐந்நூற்று முப்பது. ஐந்நூற்று எழுபது. அதன் நிறம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. அறைக் கதவின் கண்ணாடி வழியே அதை முதலில் பார்த்தவர் தலைமைப் பொறியாளர்தான். விருந்தாளிகளைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினார். கைபேசியை எடுத்தார். மேசையில் ஒரு போன் அலறத் தொடங்கியது.

"போச்சு டீச்சர். நாளைக்கு நான் கரித்தூள்ல இருப்பேன். இவருக்கு இப்ப என்ன காரணம் சொல்றது?"

குழலி போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அணைக்காம விட்ட காரணத்தை ஊருக்கே சொல்லலாம். சொல்லுங்க."